வந்ததும் போகலாம் என்றேன்

அக்கா,

இன்று மதியம் கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் ஓம வாட்டர் பாட்டிலைத் திறந்தாள். அந்த வாசனை வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் அவள் தோளைப் பிடித்து, "இன்னாம்மா பண்ணுது? நெஞ்ச அடைக்குதா?" என்று உலுக்கிவிட்டேன். அவள் பயந்துபோனாள். "இல்லக்கா, காலைல பூரி ரெண்டு சேத்துத் துன்ட்டேன், அதான்." பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. என் சீட்டுக்குத் திரும்பி வந்து ஒரகடம் வரும்வரை ஜன்னல் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டேன். வருஷம் திரும்பப் போகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியதை இதுவரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. இதற்குமேல் தாங்காது என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

இருங்காட்டுக்கோட்டையில் அந்த ஆறு வீட்டு வரிசையில் உன் அறையும் என் வீடும் ஒரே சுவர். உன் கம்பெனி பஸ் உன்னை இறக்கிவிடும் இடத்தில்தான் என் பஸ் என்னை ஏற்றும். நீ முதல் ஷிஃப்ட் முடித்து இறங்குவாய், நான் இரண்டாவது ஷிஃப்ட்டுக்கு ஏறுவேன். லாரிகள் போய்க்கொண்டிருக்கும் சர்வீஸ் ரோட்டு ஓரத்தில் என் சின்னவள் மித்துவை உன் இடுப்புக்கு மாற்றுவேன். மூன்று வருஷம் அப்படியே போனது. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த களைப்பு முகத்தில் அப்படியே இருக்கும். ஆனாலும் கையை நீட்டிக்கொண்டுதான் இறங்குவாய். "கொண்டாளா எம் பிள்ளய" என்பாய். பெரியவள் கனிகா பள்ளிக்கூடம் விட்டு நேராக உன் அறைக்குத்தான் வருவாள். இரண்டு பேருக்கும் நீ பெரியம்மா. மித்து பேசக் கற்றதே உன் பேச்சைத்தான். "அங்கன", "இங்கன" என்று அவள் சொல்வதைக் கேட்டு என் அம்மா வீட்டில் சிரிப்பார்கள்.

என் வீட்டுக்காரரைக் கம்பெனி பயிற்சிக்காக பாரிஸுக்கு எட்டு மாதம் அனுப்பியது உனக்குத் தெரியும். மே மாத விடுமுறையில் நாங்கள் மூன்று பேரும் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வரலாம் என்று ஏற்பாடு ஆனபோது, என்னைவிட நீதான் அதிகம் குதித்தாய். ஹவுஸ் ஓனர் அம்மா சென்னைப் பாரிமுனையை நினைத்துக்கொண்டு, "பாரிஸ்னா, பர்மா பஜார் கீதே, அதாண்டயா?" என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தாய். குழந்தைகளுக்குச் சத்து மாவு வறுத்து அரைத்து, பருப்புப் பொடி இடித்து, பெட்டியில் துணிக்கு இடம் இல்லாமல் அடைத்தாய். "அங்கன ஊருக்கு நடுவுல ஆத்துல படகு ஓடுமாம்லா. பிள்ளையள ஏத்திக் காட்டு" என்றாய்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, எனக்கு வார லீவான ஒரு சாயங்காலம். நான் தரையில் உட்கார்ந்து ஸ்வெட்டர்களை மடித்துக்கொண்டிருந்தேன். நீ வாசற்படியில் நின்று இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். சில நாட்களாகவே ஓம வாட்டர் குடித்துக்கொண்டிருந்தாய். வாயு என்று நீயும் சொன்னாய், நானும் நம்பினேன்.

"திங்கக்கெழம எனக்கு லீவு. பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு எட்டு கூட வாரியாளா? தனியா போவ ஒரு மாதிரி இருக்கு."

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இன்னாக்கா, வாயுதானே? திங்கக்கெழம பேங்குல பேப்பர் வாங்கணும், பசங்களுக்கு ஷூ எடுக்கணும். வந்ததும் போலாம்க்கா."

"சரிளா. நீ போயிட்டு வா. நான் எங்க போவப்போறேன், இங்கனதான கெடப்பேன்" என்று சொல்லிவிட்டு மித்துவைத் தூக்கிக்கொண்டு போனாய்.

சூப்பர்வைசரிடம் தனியாகச் சண்டை போட்டவள் நீ. புருஷன் வேண்டாம் என்று சங்கரன்கோவிலில் இருந்து தனியாக பஸ் ஏறி வந்தவள். நாலு வருஷத்தில் என்னிடம் நீ கேட்டது அது ஒன்றுதான்.

பாரிஸில் நாங்கள் தங்கிய இடம் ஊருக்கு வடக்கே தள்ளி இருந்தது. அவர் காலையில் வேலைக்குப் போய்விடுவார். நான் குழந்தைகளோடு ரயில் ஏறி ஊருக்குள் வருவேன். நாலாவது நாள் படகில் போகலாம் என்று சொல்லியிருந்தேன். காலை ஒன்பதரை மணிக்கு ஆற்றங்கரையில் வரிசையில் நின்றோம். மே மாதம்தான், ஆனால் காற்று காதைக் கிழித்தது. கனிகா எண்ணிக்கொண்டே இருந்தாள், நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று. அப்போது ஓனர் அம்மாவின் அழைப்பு வந்தது.

"யம்மா, எங்க கீற? பசங்க பக்கத்துல கீறாங்களா?"

"படகாண்ட கீறேம்மா. இன்னா விஷயம்?"

"அந்தம்மா போய்ச் சேந்துடுச்சிம்மா. காலைல ஷிஃப்ட்டுக்குக் கெளம்பி, கேட்டாண்ட வந்து ஒக்காந்துச்சி. அவ்ளோதான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனோம், உசுரு இல்லன்ட்டாங்க."

எந்த அம்மா என்று கேட்டேன், அக்கா. நிஜமாகவே கேட்டேன்.

உன்னை ஊருக்கு அனுப்ப உன் கம்பெனி ஆட்களே வண்டி பேசியிருந்தார்கள். மூன்று மணிக்குக் கிளம்பிவிடும். பாரிஸில் அப்போது பதினொன்றரை ஆகியிருக்கும். "அதுக்கு முன்ன வீடியோல காட்றேன், மொகத்தப் பாத்துக்கோ" என்றார் ஓனர் அம்மா. என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பயிற்சிக்கூடத்தில் போனை வெளியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எடுக்க ஆளில்லை. உன் முகத்தை அந்தக் கூட்டத்தில், காற்றில், குழந்தைகளுக்கு முன்னால் பார்க்க முடியாது. அறைக்குப் போய்விட வேண்டும். அது ஒன்றுதான் தோன்றியது. வரிசையை விட்டு இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வந்தேன். "நம்ம டர்ன் வந்துடுச்சிம்மா" என்று கனிகா அழுதாள். அவள் கையை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன். சாயங்காலம் பார்த்தால் மணிக்கட்டில் என் விரல் பதிந்திருந்தது.

எந்த ரயில், எந்தப் பக்கம் என்று ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. முதலில் எதிர்த் திசையில் போய்விட்டோம். மறுபடி மாறி, வடக்கே போகும் ரயில்கள் நிற்கும் அந்தப் பெரிய ஸ்டேஷனுக்கு வந்தபோது பதினொன்று இருபத்தைந்து. இனி அறைக்குப் போக நேரமில்லை. ஒரு தூணின் ஓரத்தில் நின்றேன். மித்துவின் தள்ளுவண்டியை மடக்கி ஒரு கையில் பிடித்திருந்தேன், மறு கையில் போன். ஸ்டேஷனில் திருவிழாக் கூட்டம். போன் அடித்தது. எடுப்பதற்குமுன் ஒரு தடவை குனிந்து பார்த்தேன். கனிகா இருந்தாள். மித்து இல்லை.

"பாப்பா எங்கடி?"

"இங்கதாம்மா இருந்தா."

போன் கையில் அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் ஓனர் அம்மா பெயர். அந்தப் பக்கம் நீ படுத்திருக்கிறாய். நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். மறுபடி அடித்தது. மறுபடியும் அழுத்தினேன். மித்து, மித்து என்று கத்திக்கொண்டு ஓடினேன். தள்ளுவண்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. யார் யாரையோ இடித்தேன். ஒரு போலீஸ்காரர் ஏதோ கேட்டார். எனக்கு எந்த மொழியும் வரவில்லை, கையை இடுப்பளவு காட்டி, "இத்தனை உசரம், இத்தனை உசரம்" என்று தமிழில் அழுதேன். மூன்றரை வயசுக் குழந்தை, அக்கா. தன் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாது.

பத்து நிமிஷமோ, பதினைந்தோ. வெளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டு நின்றார். கையில் காய்கறிப் பை. இலங்கைத் தமிழ்.

"உங்கட பிள்ளையோ? பெரியம்மாட்டப் போகோணும் எண்டு குழறிக்கொண்டு நிண்டவ. தமிழ்ச் சத்தம் கேட்டுத்தான் ஓடிவந்தனான்."

நான் மித்துவை வாங்கிய கையோடு ஊருக்குப் போன் போட்டேன். ஓனர் அம்மா எடுத்தார்.

"வண்டி இப்பதான்மா கெளம்பிச்சி. நீ கட் பண்ட்டியே. ரெண்டு வாட்டி போட்டேனே."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா எங்களை எழுப்பி, பக்கத்துத் தெருவில் இருந்த அவர் கடைக்குக் கூட்டிப்போனார். அந்தப் பகுதிக்கு லாச்சப்பல் என்று பேராம். தெரு முழுக்கத் தமிழ் எழுத்து, முருங்கைக்காய், வாழைப்பூ. உன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று ஒரு நொடி நினைத்தேன், பார். நினைத்த பிறகுதான் உறைத்தது.

குழந்தைகளுக்குப் பணிஸ் என்று சொல்லி ஆளுக்கொரு பன் கொடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அழுறதெண்டால் உள்ள போய் அழுங்கோ. பிள்ளையள நான் பாக்கிறன்" என்றார்.

காலையிலிருந்து அதற்கு ஒரு ஆள் இல்லாமல்தான் தவித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அரிசி மூட்டைகளுக்கு நடுவில் வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு அழுதேன். அவர் தேத்தண்ணி கொண்டுவந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு நீ கூப்பிட்டதையும், நான் சொன்ன பதிலையும். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது, ஆனாலும் சொன்னேன்.

அவர் தம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்தார். "என்ர அண்ணா செத்ததுக்கும் நான் போகேல்லை. இதுக்கெல்லாம் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது, தங்கச்சி. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார்.

டிக்கெட்டை மாற்ற முடியவில்லை. மாற்றினாலும் உன்னை எரித்த பிறகுதான் வந்து சேர்ந்திருப்பேன். இன்னும் இரண்டரை வாரம் அங்கே இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரும் சேர்ந்து படகில் போனோம். குழந்தைகளிடம் சொல்லவில்லை. அவர் படம் எடுக்கும்போதெல்லாம் சிரித்திருக்கிறேன். கோபுரத்துக்கு முன்னால், படகில், ஐஸ்கிரீம் கடையில், எல்லாவற்றிலும். அந்தப் படங்களை என்னால் பார்க்க முடிவதில்லை. தினமும் ராத்திரி மித்து போனை எடுத்து, "பெரிம்மாவ கூப்பிடு" என்பாள். பெரியம்மா ஷிஃப்ட்டுக்குப் போயிருக்கு என்பேன்.

திரும்பி வந்தபோது உன் அறையில் இரண்டு பையன்கள் குடி வந்திருந்தார்கள். மித்து நேராக உள்ளே ஓடினாள். அவர்கள் விளக்கைப் போட்டு, "யாரு வேணும் பாப்பா?" என்று கேட்டார்கள். அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காலாண்டு லீவில் குழந்தைகளோடு உன் ஊருக்குப் போனேன். உன் அண்ணன் வெயிலில் பஸ் ஸ்டாப்புக்கே வந்து நின்றார். வீட்டில் உன் படம் மாட்டியிருந்தது. என் போனில் எடுத்த படம்தான். ஓனர் அம்மா அனுப்பியிருக்கிறார். மித்துவைத் தூக்கி வைத்திருந்த படத்தில் உன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஆனாலும் உன் கழுத்தில் நாலு சின்ன விரல் மிச்சம் இருக்கிறது. மித்து அதைத்தான் முதலில் பார்த்தாள். "அது என் கை" என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் உன் அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"ஒரே எடத்துலல்லா இருந்திய. மேலுக்கு முடியலன்னு ஒரு வார்த்த ஒங்கட்ட சொல்லலியா அவ?"

எதிரில் நீ மாலைக்குள் இருக்கிறாய். இரண்டு குழந்தைகளும் என் மடியில் இருக்கிறார்கள்.

"இல்லண்ணா" என்றேன். "ஒண்ணும் சொல்லல."

அவர் தலையை ஆட்டினார். "அவ அப்பிடித்தான். சின்னதுலேந்தே வாயத் தொறக்க மாட்டா. தொறந்திருந்தா இன்னைக்கி இருந்திருப்பா."

நீ வாயைத் திறந்தாய், அக்கா. என்னிடம்தான் திறந்தாய். இப்போது உன் வீட்டில் எல்லோரும் உன்னைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மாதம் ஒரு தடவை உன் அண்ணன் போன் செய்கிறார். "நல்லாருக்கியளா, பிள்ளைய நல்லாருக்கா?" என்று கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுக்கிறேன். நல்லா இருக்கோம்ணா என்கிறேன். அந்தப் பக்கம் அவர் போனை உடனே வைப்பதில்லை. நானும் வைக்காமல் இருக்கிறேன்.