ஏ.சி. அறையில் தொண்ணூறு நாள்

ரெசிஃபி,
3 ஜூலை 1998

அன்புள்ள ஜோசெனில்டோவுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் நலமாக இருப்பவன் கட்டின மனைவிக்கு இப்படி ஒரு தாளை அனுப்பமாட்டான்.

திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வேறு போட்டிருக்கிறாய். ஜெர்மனியில் உங்கள் ஆய்வகத்தில் நாம் இங்கே செய்த ஒளிரும் யூரோப்பியம் பொடியை ஈரக் காற்றில் வைத்ததும் மங்கிவிட்டதாம். டெக்னீஷியன் எதினால்வா அதைச் சரியாகக் காயவைக்காமல் அனுப்பிவிட்டாள், உன் ஆராய்ச்சிக் கட்டுரையில் தவறில்லை என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். "உனக்கென்ன போவுது நால்வா, நீ டெக்னீஷியன்தானே" என்று கூசாமல் எழுதியிருக்கிறாய். போவது என் வேலை. பதினேழு வருஷ வேலை.

எனக்கா காயவைக்கத் தெரியாது? ஆக்சைடை அமிலத்தில் கரைத்து, நெடி போகும்வரை சுண்டவைத்து, ஆல்கஹால் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டவள் நான். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றிப் பிசினாக்கியவன் நீ, அதுவும் மூன்று முறை. கடைசியில் பொடி படிந்தது. பகலில் பார்த்தால் மரவள்ளி மாவு மாதிரிதான் இருந்தது. புற ஊதா விளக்கைக் காட்டியதும் ரத்தச் சிவப்பாக ஒளிர்ந்தது. அன்றைக்கு நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். இப்போது அதை நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

ரெசிஃபியின் ஈரக் காற்றில் தொண்ணூறு நாள் திறந்து வைத்தும் ஒளி குறையவில்லை என்று எழுதினாய். அந்த ஒரு வரிக்காகத்தான் உன்னை அங்கே கூப்பிட்டார்கள். பொடி வைத்த தட்டு இருந்ததோ அளவீட்டு அறையில். கட்டிடத்திலேயே ஏ.சி. உள்ள ஒரே அறை அது. ஏ.சி. காற்றின் ஈரத்தை எடுத்துவிடும்; பிஸ்கட் நமுத்துப் போகாமல் இருக்க நம் ஆட்கள் பாக்கெட்டை அங்கேதான் ஒளித்து வைப்பார்கள். பிஸ்கட்டுக்கு அப்படி என்றால் பொடிக்கு என்ன என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை. அதுவரைக்கும் தவறில் எனக்கும் பங்குண்டு.

கட்டுரை அனுப்பிய பிறகு, 1996 ஜூனில், சாவோ ஜோவாவ் விழா வாரத்தில் மழையில் மின்சாரம் போய், ஐந்து நாள் ஏ.சி. ஓடவில்லை. விடுமுறை முடிந்து வந்து விளக்கைக் காட்டினேன், பொடி சோர்ந்து கிடந்தது. காற்றின் ஈரம் யூரோப்பியத்தோடு ஒட்டிக்கொண்டு ஒளியைத் தின்றுவிட்டது. சூடேற்றிக் காயவைத்த பிறகே திரும்ப வந்தது. ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். "அட சும்மா இரு பொண்ணே, கட்டுரை போயாச்சு. அங்க எவன் பொடியை மழையில நனைக்கப் போறான்?" என்று சிரித்தாய். நான் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். பக்கத்துக்கு இரண்டு கையெழுத்து என்பது நம் ஆய்வக வழக்கம். படித்துவிட்டுப் போட்டாயோ, படிக்காமல் போட்டாயோ, அடியில் உன் கையெழுத்து இருக்கிறது.

கட்டுரையில் என் பெயர் இல்லை. செய்தவள் என்று பெயர் வராத எனக்கு, கெடுத்தவள் என்று மட்டும் வர வேண்டுமா?

அம்மாவுக்கு மழையில் முழங்கால் வலி அதிகம். இந்த வருஷ விழாவுக்குச் சோளப் பாயசம் கிளறினோம். "ஆறு மாசத்துல உன்னைக் கூப்பிட்டுக்கறேன்னு சொன்னானே, அது எந்த வருஷத்து ஆறு மாசம்னு கேட்டு எழுது" என்கிறாள். கேட்டுவிட்டேன்.

உன் தாளை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். குறிப்பேட்டை நேற்று துறைத்தலைவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் இந்த மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் நீயே கட்டுரை வந்த பத்திரிகைக்கு உண்மையை எழுதிவிடு, ஜோசெனில்டோ. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கூடவே அந்தப் பொடி போட்டு மெழுகால் அடைத்த குப்பி ஒன்று வைத்திருக்கிறேன். நான் காயவைத்ததுதான். விளக்கில் காட்டிப் பார்.

குளிர்காலம் வந்தால் காதை மூடிக்கொண்டு நட. அந்த ஒரு கடிதத்தை எழுதும் தைரியத்தைக் கடவுள் உனக்குக் கொடுக்கட்டும். எழுதிவிட்டு, அவர்கள் போகச் சொன்னால் இங்கே வா. உன் வீட்டுச் சாவியை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

என் கையெழுத்து இந்தக் கடிதத்துக்கு மட்டும்,
எதினால்வா