ஐஸ் பேக்டரி என்ற இருபத்தைந்தாவது கணக்கு

மச்சான்,

இன்று காலை அலுவலகத்தில் ஒரு பெண் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினாள். ஒன்றின் சூட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் வெப்பமாற்றி ஒன்றுக்கு முந்நூறு விதமான கணக்கு. நான் டீயை ஆற்றிக் குடிப்பதற்குள் அத்தனைக்கும் விடை வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, உன் ஞாபகமும் வந்தது.

எழுபதுகளில் இருபத்து நாலு கணக்குக்கே நமக்கு ஒரு வாரம் ஆகும். மாமல்லபுரம் பக்கம் வரவிருந்த ஒரு தொழிற்சாலையில், சூடான எண்ணெயைக் கடல்நீரால் குளிர வைக்க வேண்டும். அதற்கு எத்தனை குழாய், எவ்வளவு நீளம்? இருபத்து நாலு விதமான அமைப்புக்கும் செங்கல்பட்டு ஆபீஸில் நான் எண்களை எழுதித் தருவேன். மெட்ராஸில் அவற்றை அட்டைகளில் ஓட்டைகளாகக் குத்தி, மொத்தமாக வாடகைக் கம்ப்யூட்டருக்குள் விடுவார்கள். நீ வரைபடத்துக்கு மை இழுக்கிற டிரேசர். கணக்குக்கும் உனக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் என் மேஜையருகே வந்து நிற்காத நாள் கிடையாது.

"இருவத்தி நாலும் கரீட்டுன்னு எப்டி தெரியும்?" என்றாய்.

"கம்ப்யூட்டர் தப்புப் போடாதுடா."

"அது போடாது, சரி. நீ குட்த்தது கரீட்டா? வெடை தெரிஞ்ச கணக்கு ஒண்ணு சேத்து அனுப்பு. அதையாவது ஒழுங்கா சொல்லுதா பாக்கலாம்."

விடை தெரிந்த கணக்குக்கு எங்கே போவது? வழியும் நீயே சொன்னாய். கோவளத்தில் உன் அண்ணன் வேலை பார்த்த ஐஸ் பேக்டரியிலும் இயந்திரத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு கடல்நீர் ஓடும் குழாய்கள் உண்டே. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் வயிறு புடைக்கச் சாப்பிட்டுவிட்டு, தெர்மாமீட்டரும் கையுமாக அங்கே போனோம். குழாய்களை எண்ணி, அளந்து, வெளியே வரும் தண்ணீரின் சூட்டையும் குறித்துக்கொண்டோம். இருபத்தைந்தாவது கணக்காக அதுவும் மெட்ராஸ் போனது.

விடை வந்தது. தண்ணீர் நன்றாகச் சூடேறி வரும் என்றது இயந்திரம். நாம் பார்த்ததோ அதில் பாதிகூட இல்லை.

அன்றைக்கே மானேஜர், இருபத்து நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த அறிக்கையை நீட்டினார். "கையெழுத்துப் போடுப்பா, நாளைக்குக் குழாய் ஆர்டர் போவணும்." எனக்கு வேலை நிரந்தரமாகாத நேரம். பேனாவைத் திறந்துவிட்டேன். நீ பின்னால் நின்று முணுமுணுத்தாய்: "போடாத மச்சான். ஏன்னு பாத்துட்டுப் போடு." இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். "ஐஸ் பேக்டரிக்கும் நமக்கும் இன்னாய்யா சம்பந்தம்?" என்று கத்தித் தீர்த்துவிட்டுத்தான் கொடுத்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

மறுநாள் உன் அண்ணன் ஐஸ் பேக்டரிக் குழாய்களின் மூடியைக் கழற்றிக் காட்டினார். குழாய்க்குள் வழவழவென்று அழுக்கு, அதன்மேல் பொட்டுப் பொட்டாகச் சிப்பி. சூடு எப்படித் தண்ணீருக்குப் போகும்? அழுக்குக்கென்று நான் கொடுத்த எண், வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைப் பார்த்து எழுதியது. நம் கடலை அந்தப் புத்தகம் பார்த்ததே இல்லை. புது எண்ணுடன் மறுபடி ஓட்டியதில் இருபத்து நாலில் மூன்றுதான் தேறின. நான் கையெழுத்திடப் போனது அந்த மூன்றில் இல்லை.

மானேஜர் கூப்பிட்டு மெச்சினார். வேலையும் நிரந்தரமானது.

"இன்னா சொன்னாரு?" என்று ஓடி வந்தாய்.

"நல்ல யோசனைன்னாரு."

"யாரு யோசனைன்னு கேட்டாரா?"

நான் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன். நீ அதைப் பார்த்தாய். பிறகு, "அது கெடக்கட்டும். கொழா முன்னாலதான் வலை கட்டிகீதே, சிப்பி எப்டி உள்ள பூந்திச்சு?" என்று ஆரம்பித்துவிட்டாய்.

கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக நீரோடு நுழைந்து, உள்ளே ஒட்டிக்கொண்டு வளருமாம். வெகு காலம் கழித்துப் படித்தேன். உடனே உன்னிடம் சொல்லக் கோவளத்துக்கு பஸ் ஏற வேண்டும் போலிருந்தது. ஆனால் அதைச் சொல்ல வந்தால் மற்றதையும் சொல்லியாக வேண்டும். தள்ளிப் போட்டேன். அதற்குள் நீ கண்ணை மூடிவிட்டாய்.

விடை தெரிந்த ஒன்றைச் சேர்க்காமல் இன்றுவரை எந்தக் கணக்கையும் நான் ஓட்ட விட்டதில்லை. இங்குள்ள பிள்ளைகள் அந்தக் கூடுதல் கணக்குக்கு என் பெயரையே வைத்துவிட்டார்கள். நான் இன்னும் மறுக்கவில்லை, மச்சான். அது உன் கேள்வி என்று அன்றே மானேஜர் அறையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.