ஆற்றுப் படுதாவில் ஒரு ஜன்னல்

மார்ச் 27, 1988

அன்பு மகள் ரிம்மாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பதை நம் நாடகக் கொட்டகை வாசலில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ‘நாடகம்: வர்வாரா சவேலியேவா. அரங்க அமைப்பு: ரிம்மா சவேலியேவா, விளாதிவஸ்தோக்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அம்மா பெயரும் மகள் பெயரும் ஒரே தாளில். ரொட்டிக் கடை வரிசையில் நின்ற பெண்களெல்லாம் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். உன் இருமல் எப்படி இருக்கிறது? கடல் காற்று உனக்கு ஆகாது என்று எத்தனை தடவை எழுதியாயிற்று. கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. இங்கே வோல்கா இன்னும் உறைந்துதான் கிடக்கிறது, ஆனால் கரையோரம் ஈரம் கசிய ஆரம்பித்துவிட்டது. நிலவறையில் போட்டு வைத்த உருளைக்கிழங்கு பாதி முளைத்துவிட்டது, ஊறப்போட்ட முட்டைக்கோஸ் மட்டும் நன்றாக இருக்கிறது, தின்னத்தான் ஆளில்லை.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் பதினோரு ஆட்டத்தோடு மேலிடம் நிறுத்திவைத்த நாடகத்தை இப்போது மறுபடி போடலாம் என்று அனுமதி வந்ததும் நான் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டேன். புது இயக்குநர் வாதீம் இல்யீச் வீட்டுக்கே வந்து, அரங்க அமைப்பை உங்கள் மகளிடமே கேட்டிருக்கிறோம், தபாலில் வரைந்து அனுப்பச் சம்மதித்துவிட்டார் என்று சொன்னபோது, வீட்டில் இருந்த ஜாமையெல்லாம் அவருக்கு எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் உன் வரைபடத் தாள் வந்தது. மேடை முழுக்கக் கருப்புத் துணி, வேறு எதுவும் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். எழுத்தாளர் எழுதியதை ஓவியர் வரைந்து காட்டுகிற காலம் போய்விட்டதாம், சனங்கள் சொல்லை மட்டும் கேட்கட்டுமாம். சரி, நீ படித்தவள், பட்டணங்களில் பேர் வாங்கியவள், நான் மேடைக்குப் பின்னால் தொங்கும் படுதா எழுதியே கூன் விழுந்தவன். ஆனால் அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதியிருந்தாய். துணிக்குப் புதிதாகச் செலவு செய்ய வேண்டாம், கிடங்கில் பழைய ஆற்றுப் படுதா கிடக்கும், அதை அலசிச் சாயம் ஏற்றிக்கொள்ளுங்கள், அது இனி யாருக்கும் வேண்டியிருக்காது என்று.

யாருக்கும் வேண்டியிருக்காதா, ரிம்மா? அம்மா அந்த நாடகத்தில் மூன்றாம் அங்கத்துக்கு எழுதிய குறிப்பு எனக்கு இன்னும் மனப்பாடம். ‘ஆற்றில் பனிக்கட்டி உடைகிறது. யாரும் கவனிக்கவில்லை.’ அந்த இரண்டு வரிக்காக நான் ஒன்பது நாள் தரையில் விரித்த படுதா மேலேயே நடந்து, நீளக் குச்சித் தூரிகையால் ஆற்றை எழுதினேன். யாரும் கவனிக்காத ஒன்றை எல்லோரும் பார்க்கும்படி எப்படி எழுதுவது என்று நானும் அவளும் சமையலறையில் சண்டை போட்டது உனக்கும் கேட்டிருக்கும். நான் எழுதி முடித்த படுதாவைப் பார்த்துவிட்டுத்தான் அவள் கடைசிக் காட்சியையே மாற்றி எழுதினாள். அவள் வரியிலிருந்து என் ஆறு, என் ஆற்றிலிருந்து அவள் வரி, இரண்டையும் முதுகுக்குப் பின்னால் உணர்ந்து நடிகன் பேசினான். எங்கள் வேலை அப்படித்தான் நடந்தது, அதில் எது யாருடையது என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. அக்கரையில் நம் வீட்டை வைத்து, அதன் ஜன்னலில் விரல் உயரத்துக்கு அவளையும் நிற்க வைத்தேன். உனக்கு அப்போது எட்டு வயது. படுதா மேல் கம்பளிக் காலுறையோடு குந்தியிருந்தாய். ஜன்னல் வெளிச்சத்துக்கு நான் குழைத்த மஞ்சள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நீதான். அதை மறந்துவிட்டு எழுதினாயா, நினைவு வைத்துக்கொண்டே எழுதினாயா என்று நான் கேட்கப் போவதில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் என்னால் தாங்க முடியாது.

கொட்டகைப் பட்டறையில் துணிக்குச் சாயம் ஏற்றும் கிளாஃபிராவிடம் உன் தாளைக் கொடுத்தார்கள். அவள் படுதாவை விரித்துப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து, “சவேலி பெத்ரோவிச், நான் இதத் தண்ணியில போடமாட்டேன். வேலைய விட்டுத் தூக்குறதுன்னா தூக்கட்டும். பெத்த தாயக் கழுவி ஊத்தச் சொல்றாளே, உங்க பொண்ணுக்கு நெஞ்சுல என்ன இருக்கு?” என்று கத்தினாள். எனக்கும் அதேதான் கேட்கத் தோன்றியது, ஆனால் ஊர்ப் பெண்பிள்ளை வாயிலிருந்து உன்னைப் பற்றி அப்படிக் கேட்க மனம் ஒப்பவில்லை. “வாய மூடு, அவ கையெழுத்துப் போட்டிருக்கா, கொட்டகையில கையெழுத்துதான் சட்டம்” என்று சொல்லிவிட்டு நானே கால்சட்டையை மடித்துக்கொண்டு தொட்டியில் இறங்கினேன். பசையில் குழைத்த சாயம்தானே, வெந்நீர் பட்டதும் விட்டுவிட்டது. ஆறு போயிற்று, பனிக்கட்டி போயிற்று, வானம் சாக்கடைக்குள் சாம்பல் நிறமாய் ஓடிற்று. ஜன்னல் மட்டும் போகவில்லை. படுதா எழுதிய அன்றைக்கு அந்த இடத்தை மட்டும், கிண்ணம் பிடித்த உனக்குக்கூடத் தெரியாமல், எண்ணெய் வர்ணத்தில் எழுதிவிட்டேன். படுதாவில் எண்ணெய் வைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று உனக்கே தெரியும், துணி கெட்டுவிடும், மறுபடி எழுத முடியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் செய்த ஒரே திருட்டு அதுதான். மேலே கருப்பு ஏற்றினார்கள், அந்த இடத்தில் மட்டும் சாயம் பிடிக்கவில்லை. உள்ளங்கையளவு மஞ்சளும் அதற்குள் அவளும் அப்படியே நின்றார்கள். கிளாஃபிரா நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

வாதீம் இல்யீச் உனக்குத் தந்தி அடித்தார். நீ பதில் தந்தி கொடுத்தாய்: ‘கறையை வெட்டி எடுத்து ஒட்டுப் போடவும்.’ அவர் என்னிடம் காட்டும்போது அவர் முகம்தான் சிவந்தது. கறையாம். நானே கத்தரிக்கோலை வாங்கி வெட்டிக் கொடுத்தேன், பின்னாலிருந்து ஒட்டுப் போட்டார்கள், இப்போது பார்த்தால் தெரியாது. உன் கருப்பு சுத்தமாக இருக்கிறது, ஒரு குறையும் சொல்ல முடியாது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். நிறைய இருக்கிறது. அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் நீ ரயிலுக்குப் புறப்பட்டபோது, பயணத்துக்கு முன்னால் வழக்கப்படி ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போ, வழி நல்லபடி அமையும் என்று கெஞ்சினேன். “அதெல்லாம் கிழவிங்க பழக்கம்ப்பா” என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். அதற்கப்புறம் ஆறு வருடமாக இந்தப் பக்கம் வரவில்லை. ஏழு நாள் ரயில்தான், எனக்குத் தெரியும். விமானம் என்று ஒன்றும் இருக்கிறது.

உன் வரைபடங்களை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், கை தவறி எல்லாம் தரையில் சிதறிவிட்டது. நாடகத் தாள் தரையில் விழுந்தால் அதன்மேல் உட்கார்ந்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் நாடகம் படுத்துவிடும். முதல் ஒத்திகையில் ஒரு நடிகன் தாளைத் தவறவிட்டு அப்படியே குனிந்து எடுக்கப் போனபோது, அம்மா ஓடிவந்து, புதுப் பாவாடை என்றும் பார்க்காமல் எல்லார் முன்னாலும் அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அது நினைவுக்கு வந்தது. கோபத்தோடுதான் உன் கருப்புத் தாள்கள்மேல் உட்கார்ந்தேன். அப்புறம் முழங்கால் விறைத்து எழுந்திருக்க முடியவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வரும்வரை முக்கால் மணி நேரம் உன் நாடகத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். ஆகவே கவலைப்படாதே, நாடகம் ஓடும்.

கடவுள் உனக்கு நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் கொடுக்கட்டும். ஏப்ரல் பதினாறு முதல் ஆட்டம், உனக்கு ஞாபகம் இருக்கும், அம்மாவின் பிறந்த நாளும் அதுதான். வெட்டிய துண்டைத் தபாலில் அனுப்பட்டுமா என்று கிளாஃபிரா கேட்டாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சமையலறையில் உன் நாற்காலிக்கு எதிரே ஆணியில் மாட்டியிருக்கிறேன். வேண்டுமென்றால் நீயே வந்து எடுத்துக்கொள். எடுத்துக்கொண்டு புறப்படும்போது, அவளுக்கு எதிரே ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் அப்பா,
சவேலி