வாடை இல்லை

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நீயும் சிட்டுவும் சௌக்கியம் என்று எழுதியிருந்தாய். உன் கையெழுத்து அப்படிச் சொல்லவில்லை, வரிக்கு வரி கீழே இறங்கிக்கொண்டே போகிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? படியேறினால் முழங்கால் வலிக்கிறது என்கிறாய். முப்பத்தெட்டு வயதில் முழங்கால் வலியா என்று உன்னைக் கேலி செய்து நாலு வரி எழுத நினைத்தேன், எழுத வரவில்லை.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைத்தான் மூன்று நாட்களாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். சிட்டு உன்னோடு பேசி இருபது நாளாகிறது. "அம்மா சொன்னப்பவே நீ கேஸ் டியூபை மாத்தியிருந்தா அம்மா இருந்திருப்பாங்கதானே" என்று அவள் கேட்டதற்கு, ஆமாம் என்று சொல்லிவிட்டாயாம். பத்து வயதுக் குழந்தையிடம் அப்படியா சொல்வது, மடையா? அந்த ஆமாம் உன்னுடையதே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். உன் குரலைக் கேட்டதும் மழை, வெயில், விலைவாசி என்று எதையாவது பேசி வைத்துவிடுவேன். பதினான்கு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

நான் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, "எலி வளர்க்கப் போறியா, பிடிக்கப் போறியா" என்று கேட்டாயே. அங்கே என்ன செய்கிறோம் என்று உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. எலியின் மூக்குக்குள் வாடையைப் பிடிப்பதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத ஏற்பிகள் இருக்கின்றன. பூட்டின் துவாரத்தில் மெழுகை அப்பியது போல, எங்கள் மருந்து அவற்றை அடைத்துவிடும். அடைத்த பிறகு ஒரு பெட்டியில் எலியை விட்டு, பூனை படுத்திருந்த துணியை மூலையில் போடுவோம். சாதாரண எலி எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டு அசையாது. மருந்து போட்ட எலியோ நிதானமாக நடந்து போய், அந்தத் துணிமேலேயே உட்கார்ந்து முகம் கழுவிக்கொள்ளும். முதல் தடவை பார்த்தபோது எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

பார்த்ததை நோட்டில் எழுதுவது என் வேலை. ஒரு நாள் மருந்து போட்ட எலிக்கு நேராக "வாடை இல்லை" என்று எழுதிவிட்டேன். ஆய்வை நடத்தும் டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "வாடை இல்லைன்னு சொல்ல நீங்க யாரு? துணியில வாடை இருக்கு. எலிக்குத் தெரியல. தெரியலன்னு எழுதுங்க" என்றார். எனக்கு மூக்கறுபட்டது போலாகிவிட்டது. அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். அதற்குமேல் அந்தச் சொல்லைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

அதே மாதம் மருந்து தெளிக்கும் குப்பியின் முனை அடைத்துக்கொண்டது. புழுக்கம் தாங்காமல் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தேன். என் பக்கம் திருப்பிப் பிடித்து அழுத்தினேன், முகத்திலேயே அடித்தது. இரண்டு நாள் மூக்கு எரிந்தது. மூன்றாம் நாள் காப்பி வெறும் வெந்நீராக இருந்தது. சோப்பு, கூண்டு, கிருமிநாசினி எதிலும் ஒன்றும் தெரியவில்லை. விபத்துப் பதிவேட்டில் உடனே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் கூண்டு கழுவும் வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்று பயந்தேன். எலிகளுக்கு மூன்று வாரத்தில் மூக்கு திரும்பிவிடும், நமக்கும் திரும்பும், அதுவரை வாயை மூடிக்கொண்டிருப்போம் என்று இருந்துவிட்டேன்.

பயம் மட்டும் இல்லை, தம்பி, வீம்பும்தான். நம் வீட்டில் எனக்கு வேறு என்ன பெருமை இருந்தது? நீ படித்தாய், நான் மோப்பம் பிடித்தேன். பக்கத்து வீட்டில் பால் பொங்குவதைத் தெருவில் நின்றே சொல்பவள் நான். நல்லது எது சமைத்தாலும் அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்று நீ சொல்வாய். உன் மனைவி எனக்கு மோப்ப அக்கா என்றே பெயர் வைத்திருந்தாள். "குழம்பு கெட்டுப்போகலன்னு நீங்க சொன்னா கெட்டுப்போகல, நான் மூடியைத் திறந்தே பாக்க மாட்டேன்" என்பாள். அவளிடம் போய் என் மூக்கு செத்துக் கிடக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூக்கு போன ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நீ சிட்டுவைக் கூட்டிக்கொண்டு செருப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். நான் அன்று உன் வீட்டுக்கு வந்திருந்தேன் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். வெளியே மழை, ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. வீட்டில் இருந்த உன் மனைவிக்குக் கடும் சளி. நான் கிளம்பும் நேரத்தில், "அக்கா, எனக்குத் தலை ஒரு மாதிரி சுத்துது. அடுப்புப் பக்கம் வாடை ஏதாவது வருதா, கொஞ்சம் பாருங்களேன். எனக்குத்தான் மூக்கு அடைச்சிருக்கே" என்றாள். நான் போனேன். குனிந்து, அடுப்பருகே இரண்டு முறை இழுத்து மோந்தேன். அவள் பார்க்கட்டும் என்று சத்தமாகவே மோந்தேன். வாடை இல்லை என்றேன். சளிக்குத் தலை சுற்றத்தான் செய்யும், வெந்நீர் போட்டு ஆவி பிடி என்றும் நானே சொன்னேன். அவள் சரிக்கா என்றாள்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது போதும், அவள் ஜன்னலைத் திறந்திருப்பாள்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. ஏதோ லாரி டயர் என்று நினைத்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். நீ போன் செய்தபோது ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

விசாரிக்க வந்த அதிகாரி, "வாடை வந்திருக்கணுமே, யாருக்குமே தெரியலையா" என்று கேட்டார். அவளுக்குச் சளி என்று சொன்னாய். டியூபை மாற்றாமல் இரண்டு வாரம் தள்ளிப்போட்டது நீதான் என்றும் சொல்லி அழுதாய். அப்போது உன் தோளில் கை வைத்திருந்தவள் நான். அந்தக் கையை நான் எடுக்கவில்லை.

ஐந்தாம் வாரம் மூக்கு திரும்பியது. எலிகளின் தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது கேஸ் வாடை. அந்தக் கட்டடத்தில் கேஸே கிடையாது. அறை அறையாகத் தேடினேன், மற்றவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து பஸ்ஸில், வங்கி வரிசையில், தலையணையில் என்று எங்கும் வருகிறது. அடிபட்ட மூக்கு ஆறும்போது இல்லாத வாடையைக் காட்டும், போகப்போகச் சரியாகிவிடும் என்கிறார் நான் போய்க் காட்டிய மூக்கு டாக்டர். ஒரு வருஷமாகியும் போகவில்லை. வாடை வந்ததும் கூடவே அவள் குரலும் வருகிறது, வருதாக்கா என்று கேட்கிறது. போன வாரம் கூண்டுகளுக்கு நடுவில் நின்று, "வருதும்மா, வருது, வெளிய வந்துடு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கூட வேலை செய்பவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

உன் டியூப் பழசுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆபத்தைப் பாதி கண்டுபிடித்தவளைச் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பியவள் நான்தான்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். உன்னோடு பேசாத இந்த நாட்களில் சிட்டு எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். உனக்குத் தெரியாமல்தான் போட்டிருப்பாள். "அத்தை, நான் உங்ககூட வந்து இருக்கட்டுமா? எனக்கு உங்களைத்தான் பிடிக்கும்" என்று கேட்டிருக்கிறாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவளுக்கு எந்த அறையைக் கொடுக்கலாம் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பெட்டிகளை நகர்த்திக்கூடப் பார்த்தேன். அம்மாவைப் பறித்தவள் அப்பாவையும் பறிக்கப் பார்க்கிறாயே என்று அப்புறம்தான் உறைத்தது. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

அவளுக்குத் தனியாகப் பதில் எழுதவில்லை. இதுதான் பதில், இதை அவளிடமே கொடு. எனக்காக எந்த வரியையும் மறைக்காதே, அத்தை வேண்டுமென்று செய்யவில்லை என்று பரிந்தும் பேசாதே. கோபம் வந்தால் என்மேல் வரட்டும், நான் தூரத்தில் இருக்கிறேன், தாங்கிக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவனோடு அவள் பேசட்டும். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இதைப் படித்த பிறகும் கூப்பிட உனக்கு வாய் வந்தால்,
அக்கா