அம்மை குத்திய கை

தென்காசி
31-3-1933, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு உலகம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. மாமாவும் அத்தையும் எழுந்து நடமாடுகிறார்கள், அவ்வளவுதான்.

மாமாவுக்கு நீங்கள் போட்ட காகிதத்தை வாசித்தேன். என் கையால் அம்மை குத்தியும் என் பிள்ளைக்குப் பலிக்கவில்லையே, இனி எந்த முகத்தோடு அம்மை நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்வேன், படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அத்தான், உங்கள் கை பொய்க்கவில்லை.

போன ஆடியில் நம் பிள்ளை செல்லப்பாவுக்குக் குத்திவிட்டு ரயிலேறினீர்களே, அன்று மத்தியானமே அத்தை அவனைக் குற்றாலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாரலில் குளிக்க என்றுதான் நானும் நினைத்தேன். குத்திய இடத்தில் மஞ்சளைத் தேய்த்து, அருவியில் காட்டிக் கழுவியிருக்கிறார்கள். தழும்பு விழவில்லை என்று நான் எழுதியதும், சித்திரையில் வந்து மறுபடி குத்துகிறேன் என்றீர்கள். அதற்குள் அம்மை முந்திக்கொண்டது.

வாசலில் செருகிய வேப்பிலையை நேற்று எடுக்கும்போது அத்தை தாமாகவே சொன்னார்கள். 'மாட்டுச் சீழு பச்சப்புள்ள ரத்தத்துல சேரலாமாட்டி, ஆத்தா கோவிச்சுக்கிடுவான்னு பயந்துட்டேன், எம்மவன்கிட்ட சொல்லிராத' என்று என் காலைப் பிடிக்கக் குனிந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமா? ஆனால் கடைசிவரை அவனை மடியைவிட்டு இறக்காதவர்களும் அவர்கள்தான். சொல்லமாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

ஆட்டியும் எழுதுகிறேன். கீழத்தெருவில் பிச்சைமணி பிள்ளைகளுக்கும் அம்மை போட்டிருக்கிறது. அன்றைக்கு நம் பிள்ளையோடு நீங்கள் குத்திவிட்ட சைதூன் பீவி மகன் அதே தெருவில் ஒன்றுமில்லாமல் ஓடித் திரிகிறான். அவனைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இவனாவது பிழைத்தானே என்றும் இருக்கிறது. நீங்கள் படிப்பை விடக்கூடாது.

அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்காதீர்கள். சோறு இறங்காமல், உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று கிடக்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் எப்போதும்போல 'அம்மா, பசிக்கு' என்று மட்டும் சொல்லுங்கள்.

திரும்பும்போது என்னையும் பட்டணத்துக்குக் கூட்டிப்போங்கள். அம்மன் எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு அழக்கூடாது என்று இங்கே ஒருவரும் என்னை அழ விடவில்லை.

தங்கள் நலம் வேண்டும்,
உலகம்மாள்