டைனமைட் தாசன் போனை எடுத்தபோது

2024 ஜூன் 7, வெள்ளி

படம் யூடியூபில் ஏறி மூன்று நாள். ஸ்டுடியோவில் ஒரு கல்யாண வீடியோவுக்கு கிராபிக்ஸ் பூ தூவிக்கொண்டே நூறு தடவையாவது கமெண்ட் பார்த்திருப்பேன். பாதிப் பேர் ‘நம்ம ஊர் மாஸ்’ என்கிறார்கள். மீதிப் பேர் ‘பத்துப் படத்தை மிக்ஸியில் போட்டு அரைத்திருக்கிறாள்’ என்கிறார்கள். கொழுப்புதானே? மழையில் கத்திச் சண்டை, மெதுவாக நடக்கும் ரவுடி, முதுகில் குத்தும் நண்பன் — இதெல்லாம் இல்லாமல் ரவுடிப் படம் எப்படி எடுப்பதாம்?

‘வெட்டுத்துறை’ என்னுடையது. நான் எழுதி, நான் இயக்கி, நானே எடிட் செய்தது. போங்கடா.

ஜூன் 8, சனி

குளச்சலில் இருந்து விமர்சனம் போடும் ஜாஸிம் இருபது நிமிடம் கிழித்திருக்கிறான். கடைசியில் ஒரு கேள்வி: “ரெனிஷா, ஒங்களுக்க சொந்த சீனுன்னு ஒண்ணாவது உண்டா?”

இருபது நிமிடத்தையும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சபை வாசலிலேயே பட்டிமன்றம். “சூப்பருட்டி!” என்று தோழி ஸ்மைலின் கட்டிப்பிடித்தாள். ஜெபகுமாரி அக்கா, “இத நான் டிவியில எத்தன தடவ பாத்தாச்சு பிள்ளே” என்று சிரித்தார். படத்தில் ரவுடி டைனமைட் தாசனாக நடித்த சுந்தர்சிங் மாமா — அம்மாவின் தம்பி, சபைப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுபவர் — கைகொடுத்து ஓயவில்லை.

வீட்டுக்கு வந்து படத்தை முழுசாக ஓட்டிப் பார்த்தேன். சொந்தமாக ஒரே ஒரு சீன். தேடினேன், கிடைக்கவில்லை. அப்ப நான் யாரு? அடுத்தவன் படத்த வெட்டி ஒட்டுறவளா?

அடுத்த படத்துக்கு எழுதி வைத்திருக்கும் கதையும் இதே அரைத்த மாவுதான். முடிவு பண்ணிவிட்டேன். எனக்கென்று ஒன்று இல்லையென்றால் இனிப் படம் கிடையாது. கல்யாண வீடியோ போதும்.

ஜூன் 11, செவ்வாய்

மானம் போச்சு.

நாற்பத்திரண்டாவது நிமிடம். தாசன் ஒருவன் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறார். போன் அடிக்கிறது. கத்தியை எடுக்காமலே போனைக் காதில் வைத்து, “ஸ்தோத்திரம்! யாருலே அது?” என்கிறார்.

வசனத்தில் ‘யாருலே அது’ மட்டும்தான். மாமா பழக்கதோஷத்தில் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறார். கேமரா பிடித்த பெனிஷுக்குக் கேட்கவில்லை, எடிட் செய்த எனக்கும் கேட்கவில்லை. எங்கள் சபையில் போனை எடுத்தால் எல்லோருமே அதைத்தானே சொல்வோம்! எவனோ மதுரைக்காரன் கண்டுபிடித்து அந்தத் துண்டை மட்டும் போட்டுவிட்டான். ஊர் உலகமெல்லாம் சிரிக்கிறது.

ஜூன் 12, புதன்

அந்த இடத்தை வெட்டப்போகிறேன் என்றதும் மாமாவுக்கு வந்ததே வெப்ராளம்! கோபத்தில் முகம் சிவந்துவிட்டது.

“ஏட்டி, கொல பண்ணுதவன் போன எடுத்தா வேற என்ன சொல்லுவான்? அவனும் நம்ம சபைக்காரந்தானே?”

நான் வெட்டவில்லை.

ஜூன் 14, வெள்ளி

திட்டினவர்களும் புகழ்ந்தவர்களும் ஒரே ஒரு இடத்தில் சேர்ந்துவிட்டார்கள்: ஸ்தோத்திரம். ஜாஸிம் இன்னொரு வீடியோ போட்டிருக்கிறான். “இப்படி ஒரு ரவுடிய நான் எங்கயும் பாத்ததில்ல. இவரு ஞாயித்துக்கெழம என்னதான் செய்வாரு?”

படத்திலேயே எனக்குச் சொந்தமானது, நான் எழுதாத ஒரு வார்த்தை! முதலில் எரிச்சல். அப்புறம் வயிறு வலிக்கச் சிரித்தேன். தாசன் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வார் என்று ஜாஸிமுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பாட்டுப் பயிற்சிக்கு நேரமாகிறது என்று அவசர அவசரமாக வெட்டுக்குத்தை முடிப்பார். அடிக்குரல் வரிசையில் யார் நிற்பது என்று சபையில் சண்டை போடுவார்.

பழைய கதையை மேசை இழுப்பறையில் தள்ளிவிட்டேன். ஆறு பக்கம் புதிதாக எழுதியாயிற்று.

ஆகஸ்ட் 15, வியாழன்

இரண்டாவது படம், முதல் நாள், முதல் ஷாட். தாசன் போனை எடுக்கிறார். இந்தத் தடவை ‘ஸ்தோத்திரம்’ வசனத்திலேயே இருக்கிறது. அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

மாமா தலை வாரி, பவுடர் போட்டு, விறைத்து நின்று போனை எடுத்து “ஹலோ” என்றார்.

கட்.

மறுபடி “ஹலோ.” அப்புறம் “ஹலோ, தாசன் ஹியர்.” பதினான்கு டேக். பெனிஷ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

பதினைந்தாவதில் பெனிஷிடம் கேமராவை ஓடவிடச் சொல்லிவிட்டு, நான் சுவருக்குப் பின்னால் போய் நிஜமாகவே மாமாவுக்குப் போன் போட்டேன்.

“ஸ்தோத்திரம்! ஏட்டி, ஷூட்டிங்குல நிக்கேன், பெறவு கூப்பிடு” என்று வைத்துவிட்டார்.

ஓகே.