பாலத்துக்கும் கோட்டைக்கும் நடுவே ஒரு மணி நேரம்

நவம்பர் 6, திங்கள்

மழை. டிராமில் உட்கார இடமில்லை. அலுவலகத்தில் வரிச் சட்டத் தொகுப்பின் ஆறாவது மெய்ப்பு. ஐந்து முறை நான் திருத்திய அதே பிழையை ஆறாவது முறையும் அச்சில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூட ஆசிரியர் வேலையிலிருந்து என்னை வெளியே அனுப்பிய தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறாராம். விழாவுக்கு அழைப்பு வந்தது. கிழிக்கவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் கடைக்குப் போகக் குறிப்பு எழுதினேன். உருளைக்கிழங்கு, வெங்காயம், சவரக் கத்தி.

நவம்பர் 8, புதன்

லீவியாவிடமிருந்து செய்தி. இரண்டு வருடத்துக்குப் பிறகு.

"அப்பா, 17ஆம் தேதி விடுமுறைக்கு நாலு பேர் பிராகுக்கு வருகிறோம். வெள்ளி காலை வந்து ஞாயிறு மதியம் ஒரு மணி ரயிலில் திரும்புகிறோம். சனிக்கிழமை மூன்றிலிருந்து நான்கு வரை எனக்கு நேரம் இருக்கும், பாலத்துக்கும் கோட்டைக்கும் நடுவில். பார்க்கலாமா?"

ஸ்லோவாக் மொழியில் எழுதியிருக்கிறாள். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ப் பள்ளியில் செக் மொழியில் எழுதப் படித்த பெண். என் மனைவியாக இருந்த யார்மிலா அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்லோவாக்கியாவின் கோஷிட்சேயில் தன் தாய்வீட்டுக்குப் போனபோது பதின்மூன்று வயது. இப்போது இருபது. மருந்தியல் படிக்கிறாளாம், அதுவும் என் தங்கை சொல்லித்தான் தெரியும்.

பாலத்துக்கும் கோட்டைக்கும் நடுவில். மாணவர்கள் இப்படித்தான் ஊர் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கட்டணம் இல்லாத இடங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். பாலம் இலவசம். கோபுரக் கடிகாரம் இலவசம். அப்பா இலவசம்.

பதில் போடவில்லை.

நவம்பர் 9, வியாழன்

ஏன் போடவில்லை என்று எழுதிவைக்கிறேன், எனக்கே மறந்துவிடக் கூடாது.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய ரிப்பன் விழா. அங்கே பள்ளி இறுதி ஆண்டில் எல்லோருக்கும் நடப்பது. ஆசிரியை பச்சை ரிப்பன் குத்திவிடுவார். பிறகு பெண்கள் அவரவர் அப்பாவோடு ஒரு பாட்டுக்கு ஆடுவார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. யார்மிலாவும் அவள் கணவன் ஒந்த்ரேயும் முதல் மேசை. நான் ஏழாவது மேசை, யாரோ ஒருவருடைய பெரியம்மாவுக்குப் பக்கத்தில். பெற்ற அப்பன் ஏழாவது மேசை! எட்டரை மணி நேரம் ரயிலில் போய் அதைப் பார்க்க வேண்டுமா? போகவில்லை. போகவில்லை என்று சொல்லவும் இல்லை. ஒரு வாரம் கழித்துத் தங்கை போட்டோ காட்டினாள். பல் டாக்டர் ஒந்த்ரே கறுப்பு கோட்டில், லீவியாவின் தோளில் கை.

நான் அதைப் பார்த்த பிறகு லீவியா போன் செய்தாள். எடுக்கவில்லை. மூன்று முறை செய்தாள். பிறகு அவளும் நிறுத்திக்கொண்டாள்.

நவம்பர் 12, ஞாயிறு

தங்கை யிட்கா போனில்: "அண்ணா, பொண்ணு கேட்டா பதில் போட மாட்டியா? எதுக்கு இவ்வளவு வீம்பு?"

"நான் என்ன பாலமா? போற வழியில நின்னு பாத்துட்டுப் போறதுக்கு?"

"பாலத்தையாவது நாலு பேர் பாக்க வர்றாங்க. உன்னை யாரு வந்து பாக்கறா?"

வைத்துவிட்டேன். என் கோபக் கணக்கில் இவளையும் சேர்த்தாயிற்று.

நவம்பர் 13, திங்கள்

பதில் அனுப்பினேன். "சனிக்கிழமை மூன்று மணிக்கு வீட்டில் இருப்பேன்." கீழே தெருப் பெயர், கட்டிட எண். அவ்வளவுதான். தெருவில் நின்று பேச நான் ஒன்றும் சுற்றுலா வழிகாட்டி இல்லை. பார்க்க வேண்டுமென்றால் என் வீட்டுக்கு வரட்டும்.

"சரி" என்று வந்தது. ஒரே சொல்.

நவம்பர் 17, வெள்ளி

விடுமுறை. ஊரில் பாதிப் பேர் தோட்ட வீடுகளுக்குக் கிளம்பிவிட்டார்கள். மீதிப் பாதி 1989 மாணவர் எழுச்சியின் நினைவிடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றப் போயிருக்கிறது. காலையில் அவள் ரயில் வந்திருக்கும். ஷிஷ்கோவ் பகுதியில் ஏதோ விடுதியில் எட்டுப் படுக்கை போட்ட அறை. இதுவும் யிட்கா சொன்னதுதான்.

தேன் கேக் வாங்கினேன். முழுசாக. கடைக்காரி "வீட்ல விசேஷமா?" என்றாள். இல்லை என்றேன்.

நவம்பர் 18, சனி — மதியம் இரண்டரை

தரை துடைத்தாயிற்று. விருந்தாளிகள் வீட்டுக்குள் போடும் செருப்பு இரண்டு ஜோடி கதவருகே. ஒரு ஜோடி போதும். தோழி யாராவது கூட வந்தால்?

போனை அணைத்து மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். கடைசி நிமிடத்தில் 'வர முடியவில்லை' என்று இரண்டு சொல் அனுப்பிவிட்டுக் கோட்டைக்குப் போய்விடும் வசதியை அவளுக்கு ஏன் தர வேண்டும்? வராவிட்டால் வராததாகவே இருக்கட்டும்.

மாலை ஐந்து

வரவில்லை.

மூன்றிலிருந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கீழே தெருக்கதவில் அடித்தால் அங்கேதான் மணி கேட்கும். இரண்டு முறை கீழ் வீடுகளில் மணி அடித்தது. யாரோ யாரையோ பார்த்துக் கத்தினார்கள். என் மணி அடிக்கவில்லை.

எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது நடந்தால் வலிக்காது என்று எந்த மடையன் சொன்னான்?

கேக்கை வெட்டவில்லை. போன் இழுப்பறையிலேயே கிடக்கட்டும்.

நவம்பர் 19, ஞாயிறு — மாலை

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலை பதினொன்றுக்குக் குப்பையோடு கீழே இறங்கினேன். கேக்கும் அந்தக் குப்பையில்தான். இரண்டாவது மாடி திருமதி பெஷ்கோவா ஏறி வந்துகொண்டிருந்தார்.

"மூணாவது மாடி சார், நேத்து நீங்க வீட்ல இல்லையா? கீழ ஒரே கூத்து. காலேஜ் பசங்க மூணு நாலு பேரு, கண்ட வீட்டு மணியை அடிச்சுக்கிட்டு. குடிச்சிருக்காங்களோன்னு நான் இறங்கிப் போனேன். பாவம், குடிக்கல. ஒரு பொண்ணு ஸ்லோவாக்ல கேக்குது, ஸ்ட்ராக்கான்னு யாராவது இருக்காங்களான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்படி யாரும் இங்க கிடையாதும்மா, நான் முப்பது வருஷமா இருக்கேன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு மறுபடி மறுபடி பலகையைப் படிக்குது. ஏன் சார், உங்களுக்குத் தெரியுமா அந்த ஆளை?"

நான்தான் ஸ்ட்ராக்கா. ஏழு வருடமாக இந்தப் படிகளில் அந்த அம்மாளோடு வணக்கம் சொல்லிக்கொண்டு ஏறி இறங்குகிறேன்.

தெருவாசல் பலகையில் இருபத்திரண்டு பொத்தான்கள். எங்கள் ஊரில் கட்டிடத்துக்குள் வீட்டுக்கு எண் கிடையாது; பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர்தான் எண். விருந்தாளி முதல் ஆம்புலன்ஸ்காரர் வரை அதைப் படித்துத்தான் வருவார்கள். என் பொத்தானில் எனக்கு முன் குடியிருந்த கொலார்ஷின் பெயர். குடிவந்தபோது வீட்டுக்காரர் வெற்றுச் சீட்டுக் கொடுத்தார், எழுதித் தரச் சொல்லி. அடுத்த வருடமும் கொடுத்தார். விவாகரத்து ஆன புதிது. யார் என்னைத் தேடப் போகிறார்கள் என்று தூக்கிப் போட்டேன். தேவைப்படுகிறவன் கண்டுபிடிப்பான் என்று ஒரு திமிர். பிறகு பழகிவிட்டது. கண்ணில் படுவதே நின்றுபோயிற்று. முகவரி அனுப்பும்போதும் தோன்றவில்லையே. தோன்றவே இல்லை!

மேலே ஓடிப் போய்ப் போனைப் போட்டேன்.

3.02: "அப்பா, கீழ நிக்கறேன். எந்த மணி?"

3.09: "உங்க பேரு இல்லையே. இதுதானே கட்டிடம்?"

3.20: "போன் ஆஃப்ல இருக்கு. நல்லா இருக்கீங்கதானே?"

3.44: "சரி. போறோம்."

நாற்பத்திரண்டு நிமிடம். நான் நாற்காலியில் அவளைத் திட்டிக்கொண்டிருந்த அதே நாற்பத்திரண்டு நிமிடம், மூன்று மாடிக்குக் கீழே.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்று முறை செய்தேன். எடுக்கவில்லை. சரிதான். எனக்கு அது நியாயம்தான்.

பன்னிரண்டரைக்குப் பிரதான ரயில் நிலையம். எந்த நடைமேடை என்று கடைசிப் பத்து நிமிடம்வரை பலகையில் போட மாட்டார்கள். அதனால் மண்டபம் முழுக்க ஜனங்கள் மூட்டைமுடிச்சோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் மட்டும் பலகையைப் பார்க்காமல் முகங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். சிலர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

முடியை வெட்டியிருக்கிறாள். தோள்பையோடு பாதி ரொட்டி ஒன்றைத் தின்றுகொண்டு நின்றாள். முதலில் பார்த்தது அவள்தான். மெல்வதை நிறுத்திவிட்டாள்.

"பெல்லுல என் பேரு இல்ல" என்றேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு மகளிடம் சொன்ன முதல் வாக்கியம்.

"தெரியும். இருபத்திரண்டையும் படிச்சேன்."

பக்கத்தில் நின்ற நெட்டைப் பெண் ஒருத்தி, சிமோனா, "அங்கிள் நீங்கதானா? நாங்க ரெண்டு வீட்டு மணியை அடிச்சோம், ஒருத்தர் போலீஸைக் கூப்பிடுவேன்னாரு, நிறுத்திட்டோம். சாயங்காலம் கோட்டையை மூடிட்டாங்க. கோட்டையைப் பாக்காம பிராக்லேர்ந்து திரும்பற ஒரே ஆளுங்க நாங்கதான்" என்றாள்.

"சும்மா இருடி" என்றாள் லீவியா. பிறகு என்னிடம், மெதுவாக: "அந்தம்மா அப்படி யாருமே இல்லைன்னாங்கப்பா. போனும் இல்ல. நான் என்னென்னமோ நினைச்சேன்."

பலகை மாறியது. மண்டபமே ஓடியது. நானும் ஓடினேன், யாருடைய பையையோ சுமந்துகொண்டு ஓடினேன். பெட்டி வாசலில் அவள் திரும்பி, "சரிப்பா" என்றாள். அந்தச் 'சரி'யைக் கேட்டதும் எனக்கு என்ன ஆயிற்றோ, ஏறிவிட்டேன்.

"அங்கிள், டிக்கெட்?"

"உள்ள வாங்கிக்கலாம்."

"எங்ககூட வந்த மாத்தூஷ் சீட்டு காலியாத்தான் இருக்கு. அவன் விடுதியில ஒரு போர்த்துகல் பொண்ணைப் பாத்தான், வாழ்க்கையே பிராக்லதான்னு நின்னுட்டான். எதுவரைக்கும் வர்றீங்க?"

"பார்துபிட்சே." முதல் நிறுத்தம் அது. ஒரு மணி நேரம்.

"அங்க யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல."

சிமோனா லீவியாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இன்னொரு தோழியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போய்விட்டாள். புத்திசாலிப் பெண்.

பரிசோதகர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போவதற்குள் கோலின் ஊர் தாண்டிவிட்டது. அதற்குள் பாதி நேரம் போயிற்று. பிறகு நான்தான், பேச வேண்டியதை எல்லாம் விட்டுவிட்டு, "ஒந்த்ரேகூட நல்லா ஆடினியா?" என்று கேட்டேன். குரலில் விஷம் இருந்தது. எனக்கே கேட்டது.

"எப்போ?"

"ரிப்பன் விழாவுல. போட்டோ பாத்தேன்."

"அது வரும்போது வாசல்ல எடுத்தது. நான் யார்கூடவும் ஆடலை."

"ஏன்?"

"ஏன்னா கேக்கறீங்க? வரலைன்னு நீங்க சொல்லலையே. ரயில் லேட்டா இருக்கும்னு நினைச்சேன். கோட்டு வாங்கி வைக்கற இடம் இருக்குல்ல, லேட்டா வர்றவங்க அந்த வழியாத்தான் உள்ள வரணும். அங்க போய் நின்னேன். பாட்டு முடிஞ்சது. ஒந்த்ரே வந்து, வா கண்ணு, நான் ஆடறேன்னாரு. வேண்டாம்னேன். அவரும் பேசாம பக்கத்துல நின்னாரு. கோட்டுக்காரம்மா எங்களுக்குத் தேநீர் போட்டுக் குடுத்தாங்க."

ஜன்னலுக்கு வெளியே உழுத வயல். நான் பதினைந்து வருடம் வரலாறு நடத்தியவன். ஒரே ஒரு ஆதாரத்தை வைத்து முடிவுக்கு வராதே என்று ஒவ்வொரு வகுப்பிலும் கத்தியவன். ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு இரண்டு வருடம்—

"ஏழாவது மேசையில போட்டிருந்தாங்க என்னை" என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

"நான்தான் போட்டேன். முதல் மேசையில அம்மா. நீங்க சண்டை போட்டுட்டு எழுந்து போயிடக் கூடாதுன்னு. கதவுக்குப் பக்கத்துல நீங்க எப்பவும் உட்கார்ற மாதிரி போட்டேன்."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்தச் சொல்லை நான் எத்தனையோ பேரிடம் எதிர்பார்த்திருக்கிறேன், சொல்லிப் பழக்கமில்லை. "அங்க குளிரா இருந்திருக்குமே, கதவு திறந்து திறந்து மூடற இடம்" என்றேன்.

"இருந்துச்சு" என்றாள். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள், எட்டு வயதில் செய்த மாதிரியே. மிச்ச ரொட்டியைப் பிட்டு என்னிடம் பாதி கொடுத்தாள். விடுதியின் காலைச் சாப்பாட்டில் இருந்து எடுத்துவந்ததாம். உள்ளே வெள்ளரி ஊறுகாய் மட்டும். தின்றேன்.

பார்துபிட்சேயில் இறங்கினேன். கையசைக்கவில்லை, இருவருமே. ரயில் போன பிறகு குளிரில் நாற்பது நிமிடம் திரும்பும் ரயிலுக்காக நின்றேன்.

நவம்பர் 20, திங்கள்

பொத்தானுக்குப் பெயர் எழுதி ஒட்டினேன். திருமதி பெஷ்கோவாவிடம் போய்ச் சொன்னேன். "அட கடவுளே, நீங்களா!" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். பிறகு, "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார், ஏழு வருஷத்துல" என்றார்.

டிசம்பர் 10, ஞாயிறு

அவளுக்கு மூன்று செய்தி அனுப்பியிருக்கிறேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. தேர்வாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

டிசம்பர் 16, சனி

நான்காவது. இந்த முறை வானிலை, உடம்பு எல்லாம் எழுதவில்லை. "ரிப்பன் விழாவுக்கு வந்திருக்க வேண்டும். என் தப்பு." இதை எழுத முழுக் காலை ஆயிற்று. வேறு யாராவது எழுதியிருந்தால் மெய்ப்பில் இன்னும் சுருக்கு என்று குறித்திருப்பேன்.

டிசம்பர் 24, ஞாயிறு

"நல்ல பண்டிகை அப்பா. தேர்வு பிப்ரவரியில் முடியும்." லீவியா.

யார்மிலாவும் வாழ்த்து அனுப்பியிருந்தாள். அவளுக்குப் பதில் போடவில்லை. எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் விட்டுவிட முடியாது.

பிப்ரவரி 21, புதன்

"அப்பா, கோட்டை பாக்கி இருக்கேன்னு சிமோனா நச்சரிக்கிறாள். விடுதி விலை ஏறிவிட்டது. உங்கள் வீட்டுத் தரையில் மூன்று பேர் படுக்கலாமா, இரண்டு ராத்திரி?"

இலவசம் என்பதால்தான். தெரியும்.

பெஷ்கோவாவிடம் இரண்டு மெத்தை கேட்டிருக்கிறேன்.

மார்ச் 3, ஞாயிறு

நேற்று முழுக்கச் சுற்றிவிட்டுக் கோட்டையைப் பார்த்துக் கால் வீங்கி வந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது சிமோனா, "கோட்டை ஒண்ணும் பிரமாதம் இல்ல அங்கிள், உங்க வீட்டு வாசலைத்தான் கண்டுபிடிக்க கஷ்டமா இருந்துச்சு" என்றாள். லீவியா சிரித்துத் தண்ணீர் புரையேறியது. எனக்குச் சுருக்கென்றது, பிறகு நானும் சிரித்தேன்.

படுக்கப் போகும் முன் லீவியா சமையலறைக்கு வந்து, "நாளைக்குக் காலையில எழுப்பாதீங்கப்பா. ரெண்டு மணி ரயில்தான்" என்றாள். ஸ்லோவாக்கில் இல்லை, செக் மொழியில் சொன்னாள்.

இப்போது காலை மணி பத்தரை. மூன்று பேரும் முன்னறையில் போட்டது போட்டபடி தூங்குகிறார்கள். ரேடியேட்டர் மேல் காலுறைகள். நான் ஆறிலிருந்து விழித்திருக்கிறேன். காபி அரைக்கும் இயந்திரம் லாரி போலச் சத்தம் போடும். இன்னும் போடவில்லை.